முதலாளி வைத்த சங்கம்

கொல்லத்தில் தொழிற்சங்கக்காரர்களின் தொல்லை தாங்காமல்தான் வல்லிநாயகம் தம்முடைய முந்திரி ஆலையை மலைக்கு இந்தப் பக்கம், தென்காசியை அடுத்த மேலகரத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். அது அறுபத்திரண்டாம் வருஷம். பருப்பு அமெரிக்காவுக்குப் போனது. அந்நியச் செலாவணி என்ற சொல்லை அவர் சாமி பேரைச் சொல்வதுபோல் கண்ணை மூடிக்கொண்டுதான் சொல்வார்.

மேலகரத்துப் பெண்களுக்குக் கொட்டை உடைக்கத் தெரியாது. பழக்கிவிடக் கொல்லத்திலிருந்து கல்யாணியையும் இன்னும் சில பெண்களையும் லாரியில் ஏற்றி வந்தார். கல்யாணி பழக்கினாள். கை வெந்தால் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்தே பழக்கினாள்.

ஒருநாள் கொட்டை உடைக்கும் உள்ளூர்ப் பெண்களில் குழல்வாய்மொழியும் மெஹர் பானுவும் அவர் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்கள். கொட்டை ஓட்டின் பால் பட்டு இருவர் விரல்களிலும் தோல் உரிந்திருந்தது.

“கையில தேய்க்க வெளக்கெண்ண வேணும் மொதலாளி. ஒதுங்க மறைவா ஒரு எடம் வேணும். சங்கம் வைக்கப் போறோம்” என்றாள் குழல்வாய்மொழி.

“ஏட்டி, இது எக்ஸ்போர்ட் கம்பெனி. சங்கம்லாம் உள்ளூர்ல விக்கிற சரக்குக்குத்தான்.”

“சரக்குதான அமெரிக்கா போவுது? நாங்க இங்கனதான இருக்கோம்” என்றாள் மெஹர் பானு.

வல்லிநாயகத்துக்கு மனசு கெட்டுப்போயிற்று. சாரல் காலம், குற்றாலத்துக்குப் போய் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்க்கச் சொல்லிப் படுத்தார். ஒரு போத்தல் தீர்ந்தபோது யோசனை உதித்தது. சங்கத்தைத் தாமே வைத்துவிட்டால்? தலைவர் அவர், செயலாளர் கணக்கப்பிள்ளை சங்கரபாண்டி. ஆலையில் வேலை செய்யும் யாரும் உறுப்பினராகலாம் என்று விதி எழுதப் பதிவு ஆபீஸில் சொன்னார்கள். பதிவு சீக்கிரம் முடியட்டும் என்று அதற்கும் தலையாட்டினார்.

முதல் கூட்டம் குற்றாலத்து லாட்ஜ் ஒன்றில் வடை பாயசத்தோடு நடந்தது. அவர் பேசி முடித்ததும் சங்கரபாண்டி எழுந்தார்.

“மொதலாளி தலைவரா இருக்கச் சம்மதிக்கவங்க கையத் தூக்குங்க.”

சங்கரபாண்டியின் கை மட்டும் தூக்கினது பாதி, தூக்காதது பாதியாக நின்றது. குழல்வாய்மொழி கல்யாணியின் பேரைச் சொன்னாள். தோலுரிந்த கைகள் அத்தனையும் மேலே போயின.

“அவ வெளிநாட்டுக்காரில்லா!” என்று கத்தினார் வல்லிநாயகம்.

“ஆரியங்காவு கணவாயத் தாண்டுனா வெளிநாடா மொதலாளி? அப்பம் நீங்க எந்த நாடு?” என்றாள் மெஹர் பானு.

மறுநாளே, பழக்கியது போதும் என்று கல்யாணியைப் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார். பெண்கள் கொட்டை உடைக்கும் கொட்டாப்புளிகளைக் கீழே வைத்துவிட்டு வாசலில் மழையிலேயே உட்கார்ந்தார்கள். துறைமுகத்தில் கப்பல் காத்துக்கொண்டிருந்தது. தொழிலாளர் அதிகாரியிடம் ஓடினார். “நீங்க வைச்ச சங்கத்தோடதான உங்களுக்குச் சண்டை? நான் என்ன செய்ய?” என்று கேட்டுவிட்டு அதிகாரி சாப்பிடப் போய்விட்டார்.

வல்லிநாயகம் காரை எடுத்துக்கொண்டு மலையேறினார். கொல்லத்துக் குடிசை வாசலில் அரைநாள் நின்ற பிறகு கல்யாணி வெளியே வந்தாள்.

“வராம் முதலாளீ. எண்ணெ வந்நோ?”

“வரும்.”

“அது வந்நிட்டு ஞானும் வராம்” என்று உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரமே விளக்கெண்ணெய் டின் வந்தது, கக்கூஸுக்குச் செங்கல் இறங்கியது, கல்யாணியும் வந்தாள். தென்காசிக் கடைவீதியில் யாராவது விசாரித்தால் வல்லிநாயகம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்: “பொம்பளையளுக்குச் சங்கம் வைச்சுக் குடுத்ததே நான்தான் வே!”