மூன்று செம்பு

குளியலறைத் தரையில் வள்ளித்தாய் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இசக்கிமணி பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கப். கொஞ்சம் பொறுத்து இன்னொரு கப். தண்ணீர் அவர் காலைத் தொடாமல் மூலை ஓட்டைக்கு ஓடியது. ஆறாவது கப்பை அவள் உயரத் தூக்கி ஊற்றினாள். கடைசிக் கப்பை எல்லோரும் அப்படித்தானே ஊற்றிக்கொள்வார்கள். பிறகு வாளி விளிம்பில் கப்பைத் தட்டி வைத்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் நம்பிராஜன் வீடு. ஒற்றைச் செங்கல் சுவர். அங்கே மதினி பாத்திரம் விளக்கினால் இங்கே கேட்கும். இங்கே குளித்தால் அங்கே கேட்கும்.

சத்தம் முடிந்ததும் வள்ளித்தாய் ஈரத் துண்டால் அவர் கழுத்தையும் அக்குளையும் முதுகையும் துடைத்தாள். உள்ளங்கையை நனைத்துத் தலையைத் தடவி, சீப்பால் வாரிவிட்டாள். வெளியே வந்தால் குளித்த ஆள். இரண்டு வருடமாக இப்படித்தான்.

குற்றாலத்தில் முப்பத்திரண்டு வருடம் எண்ணெய் தேய்த்தவர் அவர். மெயினருவிக்குப் போகிற பாதையில், பாறையோரம் பலகை போட்டு, வருகிறவர்களின் முதுகிலும் தலையிலும் எண்ணெய் அறைந்து அருவிக்கு அனுப்பிவைப்பார். அனுப்பும்போது ஒரு பேச்சு வைத்திருந்தார். “மூலிகைத் தண்ணி சார். மலையில உள்ள அத்தனை வேரையும் தொட்டுட்டு வருது. நெஞ்சுச் சளியெல்லாம் அறுத்துட்டு வந்துரும், பாத்துக்கிடுங்க.” ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது சொல்லியிருப்பார். முப்பத்தைந்தாவது வயதில் காசநோய் வந்து போனது. பீடி போகவில்லை. ஐம்பத்தாறில் நுரையீரல் பாதிக்கு மேல் கெட்டுவிட்டது என்று எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்கள். பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், மறுநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் அருவிக்குப் போனார். சளியை அறுக்கத்தான் போனார். தான் சொன்னதைத் தானே நம்பினார்.

சீசன் தண்ணீர். உச்சந்தலையில் விழுந்த முதல் அறையில் மூச்சு நின்றது. உள்ளே போகவில்லை. உள்ளே இருந்தது வெளியே வரவும் இல்லை. வாயைத் திறந்தார், தண்ணீர்தான் போனது. இடுப்பு உயரத் தடுப்புக் கம்பியைப் பிடித்திருந்த கை எதைப் பிடித்திருக்கிறது என்பதே தெரியாமல் போயிற்று. பக்கத்தில் யாரோ ஓவென்று கத்திச் சிரித்துக் குளித்துக்கொண்டிருந்தார்கள். எப்படி வெளியே வந்தார் என்று இன்றுவரை நினைவில்லை.

அதற்குப் பிறகு தலைக்கு மேல் ஒரு கப் வந்தாலே தொண்டை அடைத்தது. வள்ளித்தாயிடம் மட்டும் சொன்னார். வெளியே சொல்ல முடியுமா? தண்ணீருக்குப் பயந்தவன் கையில் எவன் முதுகைக் கொடுப்பான்? அடுத்த சீசனுக்கு வந்துவிடுவேன் என்று ஒவ்வொரு சீசனிலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தென்காசியில் மூச்சுப் பயிற்சி வகுப்பு தொடங்கியபோது வள்ளித்தாய்தான் பிடித்துத் தள்ளினாள். செவ்வாயும் வெள்ளியும். ஒரு தொண்டு நிறுவனம் நடத்தியது. முதல் நாள் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் வைத்தார்கள். வந்த பதினோரு பேரில் நான்கு பேர்தான் மேலே போய்ச் சேர்ந்தார்கள். மறு வகுப்பைக் கீழே சாப்பாட்டுக் கூடத்துக்கு மாற்றினார்கள். இரண்டு நாற்காலிகளுக்கு இடையே ஆறு நிமிடம் நடக்க வேண்டும். ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் ஒரு கிளிப்பு. தண்ணீர் நிரப்பிய பாட்டிலை இரண்டு கையிலும் தூக்கி இறக்க வேண்டும். ஆறு நிமிடத்தில் இசக்கிமணி இருநூற்றுப் பத்து மீட்டர் நடந்தார். நடுவில் இரண்டு தடவை நின்றார்.

பயிற்சி கொடுத்த பெண் எப்சிபா. முப்பது வயது இருக்கும். இடுப்பில் துப்பட்டாவை முடிந்துகொண்டு கூடவே நடப்பாள். ஒவ்வொருவரிடமும் எதைச் செய்ய ஆசை என்று கேட்டு நோட்டில் எழுதினாள். ஒருவர் கோயில் பிரகாரம் சுற்ற வேண்டும் என்றார். கீழப்பாவூரிலிருந்து வந்த சுகிர்தம், வெகுகாலம் பீடி சுற்றியவள், ஆலயத்தில் உட்காராமல் ஒரு பாட்டு முழுக்கப் பாட வேண்டும் என்றாள்.

“அண்ணாச்சி, நீங்க?”

“குளிக்கணும்” என்றார் இசக்கிமணி. தலை குனிந்திருந்தது.

“எந்த ஊரு?”

“குத்தாலம்.”

சுகிர்தம் சிரித்துவிட்டாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க ஒரு நிமிடம் ஆனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உலகமே உங்க ஊருக்குக் குளிக்க வருது, நீங்க குளிக்கத் தென்காசிக்கு வந்தியளாக்கும்” என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “கோவிச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி. எனக்கும் தலைக்கு ஊத்துனா உசுரு போவுது. நான் வெளிய சொல்லல, அவ்வளவுதான்” என்றாள்.

எப்சிபா சிரிக்கவில்லை. “தண்ணி விழும்போது மூச்சை இழுத்துப் பிடிக்கீங்க. அதான் அடைக்குது” என்றாள். “உக்காந்து குளிங்க. கால்ல இருந்து ஆரம்பிங்க. முகத்துல விழாம பின்னாடி இருந்து ஊத்தச் சொல்லுங்க. தண்ணி விழுற நேரம் மூச்சு வெளிய போயிட்டு இருக்கணும். சூடான காப்பிய ஊதுற மாதிரி, உதட்டைக் குவிச்சு.”

“ஊதி முடிச்ச பொறவு மூச்சு வரலைன்னா?”

“வரும்.”

“வரலைன்னா?”

“பயந்தா லேட்டா வரும் அண்ணாச்சி. ஆனா வரும்.”

ஐந்து வாரத்தில் முழங்கால், இடுப்பு, தோள் வரை வந்திருந்தார். பிடரியில் அரைக் கப். நடையும் இருநூற்று அறுபது ஆயிற்று. தலைக்கு அடுத்த மாதம் என்று எப்சிபா சொல்லியிருந்தாள். அதனால் ஆறு கப்பில் மூன்று அவர் மேல் விழுந்தது. மீதி மூன்று தரையில்தான் விழுந்தது.

ஆறாவது வாரம், புதன்கிழமை காலை மதினி பால் வாங்கப் போன நேரத்தில் நம்பிராஜன் இறந்துபோனார். பக்கவாதத்தில் ஒன்றரை வருடம் படுக்கையில் இருந்தவர். எதிர்பார்த்த சாவுதான். இரண்டு பெண்பிள்ளைகள். ஆண் வாரிசு இல்லை. கொள்ளி தம்பிதான் வைக்க வேண்டும். அதற்கு முன்னால் நீர்மாலை எடுக்க வேண்டும். ஆற்றில் தலை முழுகி, ஈர வேட்டியோடு குடத்தில் தண்ணீர் எடுத்து வந்து, அந்தத் தண்ணீரால் அண்ணனைக் குளிப்பாட்ட வேண்டும்.

இசக்கிமணி பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுகை வரவில்லை. சாரல் அடித்துக்கொண்டிருந்தது. முகத்தில் விழுந்த தூறலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஆற்றைப் பற்றி மட்டும்தான் நினைக்க முடிந்தது. அது அவருக்கே கேவலமாக இருந்தது.

காரியங்களை முன்னின்று நடத்தியவர் தாய்மாமன் முறையுள்ள சங்கிலிப்பாண்டி. போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இசக்கிமணியை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏலே இசக்கி, உனக்கு நெஞ்சுக்கு ஆகாதே. தலையில ரெண்டு சொட்டுத் தெளிச்சுக்கிட்டாப் போதும். எவன் கேக்கப் போறான்?”

இசக்கிமணி சரி என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அண்ணனைக் கிடத்தியிருந்த கண்ணாடிப் பெட்டியின் தலைமாட்டில் இருந்த மதினி இராமலட்சுமி நிமிர்ந்தாள்.

“என்ன மாமா தெளிக்கச் சொல்லுதிய? எங்க கொழுந்தன் தெனமும் தலைக்கு ஊத்துதாரு. ஆறு கப்பு. எனக்குச் சுவத்துல கேக்கும். இவுகளுக்கும் கேக்கும்.” கண்ணாடிப் பெட்டியின் மேல் கையை வைத்தாள். “நாக்கு விழுந்த பொறவும் அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு என்னயப் பாத்துத் தலைய ஆட்டுவாக. தம்பிக்கு இன்னைக்கு நல்லாருக்குன்னு அர்த்தம். அதுக்குப் பொறவுதான் கஞ்சிக்கு வாயத் தொறப்பாக. கூடப் பொறந்தவனுக்கு ஒரு முழுக்குப் போடாம, தெளிச்சுட்டா வரணும்?”

இசக்கிமணி வள்ளித்தாயைப் பார்த்தார். அவள் முகம் வெளிறியிருந்தது. உதடு அசைந்தது. சொல்லிவிடாதே என்பதுபோல அவர் கண்ணைக் காட்டினார். எதைச் சொல்வது? நீங்கள் கேட்டதெல்லாம் தரையில் விழுந்த தண்ணீர் என்றா? அண்ணன் ஒன்றரை வருடம் அந்தச் சத்தத்துக்குத்தான் தலையாட்டினார் என்றா? பெட்டிக்குள் நம்பிராஜனின் தாடையைத் துணியால் கட்டியிருந்தார்கள்.

“முழுகிட்டே வாரேன் மதினி” என்றார்.

ஆற்றுக்கு ஆண்கள் மட்டும்தான் போனார்கள். புறப்படும்போது வள்ளித்தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ஒரு துண்டை முத்துராஜிடம் கொடுத்தாள். முத்துராஜ் நம்பிராஜனின் மூத்த மருமகன். துண்டின் முனையில் முடிச்சு. “உள்ள இன்ஹேலர் இருக்கு மாப்ள. மாமா கையக் காட்டுனா ஒடனே குடுத்துருங்க” என்றாள். முத்துராஜ் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான்.

சிற்றாறு இருநூறு மீட்டர் தூரம்தான். தலைக்கு மேல் நான்கு பேர் வேட்டியை விரித்துப் பிடித்து வந்தார்கள். முன்னால் கொட்டும் சங்கும் போயிற்று. இசக்கிமணி காலடியை எண்ணினார். இரண்டு அடிக்கு இழு, நான்கு அடிக்கு விடு. கொட்டுச் சத்தம் வேறு கணக்கில் அடித்தது. அதைக் காதில் வாங்காமல் இருக்கப் பார்த்தார். ஒரு தடவை நின்றார். வேட்டி பிடித்தவர்களும் நின்றார்கள். சங்கு ஊதுகிறவர் திரும்பிப் பார்த்துவிட்டு ஊதுவதை நிறுத்தினார். அத்தனை பேரும் தன் மூச்சுக்காக நிற்கிறார்கள் என்பது நெஞ்சை மேலும் இறுக்கியது.

ஆறு கலங்கி, கடைசிப் படியைத் தொட்டு ஓடியது. மலையில் நல்ல மழை. அருவியில் விழுந்த அதே தண்ணீர்தான். அவருக்கு அதன் வாடை தெரியும்.

படியில் உட்கார்ந்தார்.

“என்னலே உக்காந்துட்ட? எறங்கி மூணு முங்கு முங்கு” என்றார் சங்கிலிப்பாண்டி.

“ஊத்திக்கிடுதேன் மாமா.”

“தண்ணியில பொறந்து வளந்த பயலுக்கு ஆத்துல எறங்க என்ன கொள்ள?”

இசக்கிமணியின் விலா ஏறி இறங்குவதைக் கிழவர் பார்த்தார். குரல் தணிந்தது. “சரி. மூணு செம்பு. தலை நனையணும், ஆமா.”

முத்துராஜ் செம்பை முக்கி எடுத்தான்.

“மாப்ள, பின்னாடி வந்து நில்லு” என்றார் இசக்கிமணி. நான்கு சொல்லுக்கே மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்துச் சொன்னார். “வலது கையத் தூக்குவேன். கீழ எறக்குனாத்தான் ஊத்தணும். அதுக்கு முன்ன ஊத்திராத.”

“சரி மாமா.” அவன் குனிந்தான். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், “பயமா இருக்கா?” என்றான்.

“ஆமா.”

வள்ளித்தாய் தவிர வீட்டாள் ஒருவரிடம் அந்தச் சொல்லை முதல்முறையாகச் சொன்னார். சொன்ன பிறகும் பயம் குறையவில்லை.

காலில் தண்ணீரை அள்ளி விட்டுக்கொண்டார். முழங்கால். வயிறு. தோள். குளிர் எலும்பில் ஏறியது. கையைத் தூக்கினார். மூக்கால் இழுத்தார். உதட்டைக் குவித்து ஊத ஆரம்பித்து, கையை இறக்கினார்.

முதல் செம்பு உச்சியின் பின்பக்கம் விழுந்து, நெற்றி வழியாக இறங்கியது. ஊதினார். கண்ணை மூடவில்லை. உதட்டின் முன்னால் தண்ணீர் சிதறிப் பறந்தது. ஊதினார். உள்ளே இருந்தது தீர்ந்தது. இழுத்தார். வரவில்லை. கொட்டு நின்றிருந்தது. ஆற்றுச் சத்தம் போய், அருவிச் சத்தம் காதுக்குள் எழுந்தது. யாரோ ஓவென்று சிரித்தார்கள். இல்லை, ஒருவரும் சிரிக்கவில்லை. வரும் என்றாள் அவள். லேட்டா வரும் என்றாள். படிக்கல்லில் விரலை ஊன்றினார். தொண்டைக்குக் கீழே ஏதோ ஒன்று நூல் அளவுக்குத் திறந்தது. அந்த வழியாகக் கொஞ்சம் காற்று, விசில் சத்தத்தோடு, போனது. போதாது. ஆனால் போனது.

“மாமா?” என்றான் முத்துராஜ்.

அவரால் பேச முடியவில்லை. இன்னும் இரண்டு இருக்கிறது. வலது கை மட்டும் மெல்ல மேலே எழுந்து, காதுக்குப் பக்கத்தில் நின்றது. விரல் நுனிகளிலிருந்து தண்ணீர் சொட்டியது.

படியில் நின்றவர்கள் எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். முத்துராஜ் ஒரு கையில் நிறைந்த செம்பும், மறு கையில் துண்டின் முடிச்சுமாக அவருக்குப் பின்னால் நின்றான்.