யோனாவின் மீனைத் துவைத்த வாரம்

ஒன்பது அவித்த முட்டைகளை விழுங்கியவனை மீனின் வயிற்றுக்குள் அனுப்பக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எங்கள் வாலிபர் குழுத் தலைவர் விசில் அண்ணனுக்குத் தெரியவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் முட்டை தின்னும் போட்டி, கையோடு, பைபிளில் மீன் விழுங்கிய யோனாவின் நாடகம். போட்டியில் ஜெயித்தவன், ரப்பர் என்று நாங்கள் கூப்பிடும் பையன். யோனாவும் அவன்தான். மீன் என்பது பழைய திரைச்சீலைக்குள் ஸ்பாஞ்சு வைத்துத் தைத்த ஒரு பெரிய பை. உள்ளே நான்கு பையன்கள் நின்று தூக்குவார்கள். ஏழு வருடத்து வியர்வை அதில் ஊறிக் கிடக்கிறது. யோனா வாய் வழியாக உள்ளே போய், மூன்று நாள் ஆனதாக விசில் ஊதியதும் அதே வழியாக வெளியே வந்து விழ வேண்டும். ரப்பருக்கு முன்பாக முட்டை வந்தது. வந்தது சபைச் செயலாளர் ஐயாவின் ஷூவின் மேல்.

"தத்ரூபமா பண்றான்பா," என்று பின்வரிசையில் ஒரு அத்தை கைதட்டினார்.

செயலாளர் கைக்குட்டையால் ஷூவைத் துடைத்தார். பிறகு கைக்குட்டையைக் கீழே போட்டார். "பாடகர் குழு அங்கியெல்லாம் வைக்க இடமில்லாம இருக்கு. உங்க குழு கூடுற பின்னறையைக் காலி பண்ணுங்க. சனிக்கிழமை வந்து பார்ப்பேன்," என்றார்.

பள்ளிக்கூடத்தை விட்டு நின்றபின், வீட்டைத் தவிர நான் போகிற ஒரே இடம் அந்தப் பின்னறைதான். அங்கே யாரும் என்னிடம் "ஏன் நின்னுட்டே" என்று கேட்பதில்லை. "அக்கா, பசை எங்கே" என்று மட்டும்தான் கேட்பார்கள்.

மீனைத் துவைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பேசாதவள் மறுக்கவும் மாட்டாள் அல்லவா. திங்கட்கிழமை கொல்லைக் குழாயடியில் அதைக் கவிழ்த்துப் போட்டு மிதித்தேன். மஞ்சளாகத் தண்ணீர் வந்தது. மிதிக்க மிதிக்க வந்தது. ஸ்பாஞ்சு இடுக்கில் முட்டைக் கரு, மென்று துப்பிய சூயிங்கம் பதினோரு உருண்டை, ஒற்றைக் காலுறை, யாரோ தொலைத்த பல் கம்பி. அந்தக் கம்பியை ஒரு குச்சியால் தள்ளிவிட்டேன். இந்தப் பிள்ளைகளோடுதான் நான் ஒரே டம்ளரில் தண்ணீர் குடித்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை சோப்பு, புதன்கிழமை வெந்நீர். வியாழக்கிழமை மழை வந்ததால் ஈரத்தோடு உள்ளே இழுத்துப் போட்டோம். விசில் அண்ணன் ஒரு பாட்டில் சென்ட்டை அதன் மேல் அடித்தார். செத்த எலிக்குப் பவுடர் பூசியது போல இருந்தது.

"இப்ப பரவாயில்லைல?" என்றார்.

"அண்ணே, முன்னாடி மூக்கு மட்டும்தான் எரிஞ்சுது," என்றான் ரப்பர். "இப்ப கண்ணும் எரியுது."

"நீ பேசாதே. எல்லாம் உன் வயிறு பண்ண வேலை."

"முட்டை யாருண்ணே வாங்குனது?"

அண்ணன் விசிலைத் துடைத்தார். வெள்ளிக்கிழமை அலமாரியைக் காலி செய்தோம். யாரும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை காலை நான்தான் முதலில் வந்தேன். வெயில் அடித்தது. மீனை வெளியே இழுத்துக் காயப்போட்டு, ஜன்னல்களைத் திறந்துவிட வேண்டும். அதுதான் எனக்குச் சொல்லப்பட்ட வேலை. கதவைத் திறந்ததும் புளித்த காலுறையும் முட்டையும் மல்லிகை சென்ட்டும் சேர்ந்து என் முகத்தில் அறைந்தன. வாயைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு உள்ளே போய், லேசாகத் திறந்திருந்த ஒரு ஜன்னலையும் இழுத்துச் சாத்திவிட்டு வந்தேன்.

பத்து மணிக்குச் செயலாளர் அளவு நாடாவோடு வந்தார். கையில் மாதிரிக்கு ஒரு வெள்ளை அங்கி. இரண்டடி உள்ளே வைத்தவர், மூன்றடி பின்னால் வந்தார். அங்கியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"என்னய்யா இது, பிணவறையா?"

விசில் அண்ணன் தலையைச் சொறிந்தார். செயலாளர் என் பக்கம் திரும்பினார். அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் முறை.

"நீதானே துவைச்சே? இந்த நாத்தம் போகுமா பாப்பா?"

என் காது சுட்டது. "மூணு நாள் துவைச்சேன் ஐயா," என்றேன். "போகல."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஜன்னலைப் பற்றி அவர் கேட்கவில்லை.

அவர் அங்கியை முகர்ந்து பார்த்தார், மடித்தார். "அங்கி எங்க வீட்டு மாடியிலேயே இருக்கட்டும். நீங்களே இதுல கிடங்க," என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

மறுநாள் பின்னறையில் பதினெட்டுப் பேர் மூக்கைப் பிடித்தபடி ஜெபம் செய்தோம். எல்லார் குரலும் வாத்து கத்துவது போல இருந்தது. ஆமென் சொல்லுமுன்பே ரப்பர் சிரித்துவிட்டான்.

விசில் அண்ணன் விசில் ஊதினார். "அடுத்த வாரம் வாழைப்பழம் தின்னும் போட்டி."

நான் எழுந்துபோய் வாளியை எடுத்து ரப்பருக்குப் பக்கத்தில் வைத்தேன்.