மணலில் கிடைத்த பெயர்

உதைபந்தாட்ட மைதானத்தில் என் கணவன் வால்டெசிர் விளையாடாத இடம் கிடையாது. இடது பின்வரிசையில் தொடங்கினான், நடுவுக்கு வந்தான், முன்னுக்கு ஆள் இல்லாத நாட்களில் அங்கேயும் ஓடினான். ஒருமுறை கோல்காப்பாளரைச் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பிவிட, அந்த ஆளின் கையுறையை மாட்டிக்கொண்டு மிச்ச நேரம் கோலையும் காத்தான். கேட்பவர்கள் பெரிய கெட்டிக்காரன் என்பார்கள். கெட்டிக்காரன்தான். ஆனால் எங்கே விட்டாலும் ஆடுகிறவனை எந்தப் பயிற்சியாளரும் முதலில் இறக்குவதில்லை. யாருக்காவது கால் பிசகினால் உதவும் என்று மைதான ஓரத்து வாங்குப் பலகையில் இருத்தி வைப்பார்கள். பிரேசில், போர்த்துக்கல், கடைசியில் மொன்றியல் என்று மூன்று நாட்டு வாங்குகளையும் அவன் தேய்த்துவிட்டான்.

மொன்றியல் கழகம் கைவிட்டபின் ஜான்-டலோன் சந்தைக்குப் பெட்டி இறக்க வந்தான். நான் அங்கே ஒரு பழக்கடையில் காசு வாங்கிப் போடுகிறவள். மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் இருந்தாலும் நாங்கள் அவன் ஊர்க்காரர் போலவே மரவள்ளிக்கிழங்கு அவித்து, சம்பலோடு சாப்பிடுகிற ஆட்கள் என்று தெரிந்த அன்றைக்கே அவனுக்கு என்னைப் பிடித்துப் போனதாம். அழகு, குணம் எல்லாம் பிறகுதான்.

என் அம்மா மாக்கிரட், யாழ்ப்பாணத்துக் கடலோரப் பாசையூர்க்காரி. பிரேசில்காரன் என்றதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"கோயிலுக்குப் போறவரோ?"

"ஓம் அம்மா. எங்களைப்போலை கத்தோலிக்க வேதக்காரர்தான்."

"மீன் தின்னுவாரோ?"

தின்றான். தலையை உடைத்து முள்ளைச் சுத்தமாக உறிஞ்சித் துப்பினான். அன்றிலிருந்து அவன் அம்மாவுக்குத் 'தம்பி'. நானும் அவனும் பிரெஞ்சில் கதைப்போம். அம்மாவும் அவனும் சாப்பாட்டில் கதைப்பார்கள்.

மணல் அவனுக்கு வாழ்வு கொடுத்தது என்றால் மிகையில்லை. ஒரு கோடையில் இங்குள்ள தீவுக் கடற்கரையில் விளையாட்டுக்காக நடந்த போட்டியில் அவன் வெறுங்காலோடு ஆடியதை பிரேசிலில் இருந்து வந்த யாரோ பார்த்துவிட்டார். கடற்கரை உதைபந்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர்தான். பந்து மணலில் நேரே உருளாது, அதனால் யாரும் ஓரிடத்தில் நிற்க முடியாது. பின்னுக்கு நிற்பவன் முன்னுக்கு வரவேண்டும், கோல்காப்பாளரும் கோல் போடவேண்டும். புல்லில் குறையாக இருந்தது மணலில் தகுதியாகிவிட்டது. முப்பது வயது கடந்தவனை முதல் தடவையாக ஒரு குழு வாங்கில் இருத்தாமல் இறக்கியது. குளிர்காலத்தில் பிரேசில், கோடையில் மொன்றியல் என்று ஆனான்.

இரண்டாயிரத்து ஆறு தை மாதம் அவன் புறப்படும்போது நான் ஆறு மாதக் கர்ப்பிணி. விமானத்தில் ஏறக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். பெண்பிள்ளை என்று தெரியும். றோசா என்று பெயரும் வைத்துவிட்டோம், அது அவனுடைய தாயின் பெயர். இந்தமுறை அவன் போனது சாதாரணப் போட்டிக்கு அல்ல. வென்றால் தேசிய அணியில் எடுப்பார்கள். வாசலில் நின்று என் வயிற்றில் வாயை வைத்து அவன் மொழியில் என்னவோ நெடுநேரம் சொன்னான். "தம்பி, கதவைச் சாத்துங்கோ, குளிர் வருது" என்று அம்மா கத்தினார்.

மாசியில் ஒரு விடியற்காலை எனக்கு இரத்தம் போகத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் வெட்டித்தான் எடுத்தார்கள். றோசா ஞானஸ்நானம் கொடுக்கும் வரைக்கும் உயிரோடு இருந்தாளாம். நான் பார்க்கவில்லை. எனக்குப் போன இரத்தத்துக்கு ஈடாக ஏற்றிக்கொண்டே இருந்தார்களாம், நான் கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மண் கல்லாய் உறைந்திருந்ததால் சேமக்காலையில் குழி வெட்ட முடியவில்லை. பனி உருகும் வரைக்கும் சின்னப் பெட்டியை அங்குள்ள அறையில் வைத்திருப்பார்கள் என்றார்கள். என் தம்பி றெக்ஸ்தான் அதைத் தூக்கிக்கொண்டு போனவன்.

நான் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்.

"அவருக்குச் சொன்னனீங்களோ?"

"ஓம் பிள்ளை, சொல்லியாச்சு" என்றார் அம்மா. "நல்லா அழுதவராம்."

"எப்ப வாறாராம்?"

அம்மா என் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். "இறுதிப் போட்டி முடியத்தான் வரலாமாம். இப்ப விட்டிட்டு வந்தா இவ்வளவு நாள் பட்ட பாடு வீண்தானே."

"நான் அவரோடை கதைக்கவேணும்."

"கதைச்சா அழுவாய். தையல் பிரியும். பேந்து கதைக்கலாம்."

பிறகு நானும் கேட்கவில்லை. கேட்பதற்கு என் ரோசம் விடவில்லை. வருகிறவன் வந்திருப்பான். பிள்ளை செத்ததைக் கேட்டுவிட்டு ஒருவன் மணலில் பந்து உதைக்கப் போகிறான் என்றால் அவனிடம் நான் எதைக் கேட்பது? ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து அவனை வெறுக்கப் பழகினேன். சரியாக வரவில்லை. பால் சுரந்து நெஞ்சு கல்லாகக் கட்டிக்கொண்டது. அந்த நோவையும் அவன் கணக்கிலேயே எழுதினேன்.

வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமைதான் இறுதிப் போட்டி. அம்மா காலைப் பூசைக்குப் போய்விட்டார். றெக்ஸ் குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தான். வால்டெசிருக்காக வீட்டில் பிரேசில் சனல் எடுத்து வைத்திருந்தோம். நான் தொலைக்காட்சியைப் போட்டேன். வென்றானா தோற்றானா என்று பார்க்க அல்ல. அவன் முகத்தில் என் பிள்ளை எங்காவது தெரிகிறாளா என்று பார்க்கத்தான்.

தெரியவில்லை. அவன் சிரித்துக்கொண்டு நின்றான். கறுத்து, மெலிந்து, முழங்கால் வரை மணலோடு, நான் இதுவரை பார்த்திராத சந்தோசத்தில் நின்றான். கடைசிப் பகுதியில் ஆட்டம் சமநிலை. பின்னுக்கிருந்து உயர்ந்து வந்த பந்தை நெஞ்சில் வாங்கி, திரும்பாமலே மல்லாக்கப் பாய்ந்து தலைக்கு மேலால் உதைத்தான். கோல். கூட்டம் எழுந்தது. அவன் மணலைத் துப்பிக்கொண்டு எழுந்து, கமராவைத் தேடி ஓடிவந்து, இரண்டு கைகளையும் மடித்து ஏந்தி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினான். பிள்ளையைத் தாலாட்டுகிற மாதிரி. அவனுடைய குழுவினரும் வரிசையாய் நின்று ஆட்டினார்கள்.

அவனுக்குத் தெரியாது.

திரும்பினேன். றெக்ஸ் குசினிக் கதவடியில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றான்.

"சொல்லேல்லையோடா?"

அவன் அழத் தொடங்கினான். "அம்மா வேண்டாம் எண்டவ அக்கா. ஒவ்வொரு நாளும் போன் எடுக்கிறார். நீ நித்திரை, டொக்டர் கதைக்க வேண்டாமெண்டவர் எண்டு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் புளிச்சுப் போச்சு."

எங்கள் ஆட்களுக்குச் சாவை நேரே சொல்லத் தெரியாது. வெளிநாட்டில் இருப்பவனுக்கு முதலில் 'கொஞ்சம் சுகமில்லை' என்பார்கள். பிறகு 'கடுமை'. அதற்குள் இங்கே செத்தவீடு முடிந்து பந்தலும் கழற்றியாகிவிடும். அது இரக்கம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் நினைத்திருந்தேன்.

அந்தக் கோலோடு அவர்கள் வென்று ஆட்டம் முடிந்த கையோடு தொலைபேசி அடித்தது. யார் என்று இருவருக்கும் தெரியும்.

"இண்டைக்கு மட்டும் சொல்லாதை அக்கா," றெக்ஸ் என் கையைப் பிடித்தான். "கிண்ணத்தை வாங்கட்டும். நாளைக்குச் சொல்லுவம்."

எடுத்தேன். பின்னால் மேளம் அடித்தது, யார் யாரோ பாடினார்கள். அவன் மூச்சு வாங்கக் கத்தினான்.

"பார்த்தாயா?"

"பார்த்தேன்."

"றோசாவுக்குத்தான் அது. என்ன செய்கிறாள்? உதைக்கிறாளா?"

ஒரு நாள் பொறுத்தால் அவனுக்கு ஒரு நாள் சந்தோசம் கிடைக்கும். அதுவும் எனக்குப் புரிந்தது. ஆனால் உதைக்கிறாள் என்று என் வாயால் சொல்ல முடியவில்லை.

"இல்லை வால்டெசிர்" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

மேளம் நிற்கவில்லை. "எப்போது?" என்றான். சொன்னேன்.

"அதற்குப் பிறகும் ஆடினேன். கோல் போட்ட நேரமெல்லாம் இப்படித்தான் செய்தேன். உங்கள் வீட்டில் அதைப் பார்த்தார்களா?"

றெக்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்திருக்கிறார்கள். அவன் தொலைபேசியை வைத்துவிட்டான்.

அம்மா பூசையால் வந்து சப்பாத்தைக் கழற்றவும் இல்லை, நான் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கேன் பொய் சொன்னனீங்கள்? அவர் அறிஞ்சும் வரேல்லை எண்டு நான் அவரைச் சபிச்சுக்கொண்டு கிடந்தனான் அம்மா!"

"நீ எடுத்து அவருக்குச் சொல்லிப்போடுவாய் எண்டுதான். அந்தத் தம்பி அங்கை தனிச்சுப்போய் நிக்குது, ஆர் தேற்றுறது? விளையாட்டும் போயிருக்கும்." அம்மாவின் குரலில் பயம் இல்லை. "அப்பா கொழும்பிலை செத்ததை உன்ரை சோதனை முடியுமட்டும் உனக்குச் சொல்லேல்லை. நீ பாஸ் பண்ணினனிதானே?"

பாஸ்தான் பண்ணினேன்.

அவன் வந்தான். பங்குனிக் குளிரில் சேமக்காலைக்குப் போய், பூட்டிய அறைக்கு வெளியே நின்றோம். திறந்து காட்ட முடியாது என்றார்கள். அம்மா மீன்குழம்பு வைத்தார், சாப்பிட்டான், நன்றி சொன்னான். ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பனி உருகிய பின் றோசாவைப் புதைத்துவிட்டுத் திரும்பிப் போனான். தேசிய அணி அவனை எடுத்திருந்தது.

அதன்பின் தொலைபேசியில் நான் சுகம் என்றால் "உண்மையாகவா?" என்பான். ஓம் என்றால் மறுபடியும் கேட்பான். எனக்குத் தடிமன், இருமல் வந்தால் கீழ்வீட்டுக்காரிக்கு எடுத்து விசாரிப்பான். நானும் அப்படித்தான். அம்மா "கோழிக்கறி" என்றாலும் மூடியைத் திறந்து பார்ப்பேன். நாங்கள் பிரியவில்லை. ஆனால் கோடையில் அவன் இங்கே வருவது குறைந்து, பிறகு நின்றுபோனது. நான் அங்கே போய்வந்தேன்.

கடைசியாகப் போனது இரண்டாயிரத்து எட்டில். அப்போது அவன் நட்சத்திரம். கடற்கரையில் ஆளுயரப் படம், குளிர்பானப் போத்தலில் முகம். மேற்சட்டையின் முதுகில் அவன் பெயர் வால்டெசிர் இல்லை. அங்கே ஆட்டக்காரர்களைப் பட்டப்பெயரால்தான் அழைப்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் கைகளை ஏந்தி ஆட்டியபோது நேர்முக வர்ணனை சொன்னவர் வைத்த பெயர் நாடு முழுக்க ஒட்டிக்கொண்டுவிட்டது. பப்பாய். அவர்கள் மொழியில் அப்பா.

"வேண்டாமென்று சொல்லலாமே?" என்று கேட்டேன்.

"சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்" என்றான்.

ஆட்டம் முடிந்து வேலியோரமாக நடந்துவந்தோம். கூட்டம் போய்விட்டது. எங்களுக்குப் பின்னால் இரண்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்று, தன் தகப்பனைத் தேடி, "பப்பாய்!" என்று அழைத்தது.

அவன் சட்டென்று திரும்பினான்.