பூந்தொட்டியிலிருந்து நான்கு அடி

மேன்ஹோல் மூடி ஒன்றைத் தொலைத்துவிட்டேன். சாவியைத் தொலைப்பவர்கள் உண்டு. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுபவர்கள் உண்டு. இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய வார்ப்பிரும்பு மூடியைத் தொலைத்தவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

தொலைந்த இடமும் தெரியும். கட்டில், மேசை, சோபா விற்கும் பெரிய கடை ஒன்றின் கார் நிறுத்துமிடம். அதற்குத் தார் போட்டவன் நான். மூடி அந்தத் தாருக்கு அடியில்தான் எங்கேயோ பத்திரமாக இருக்கிறது.

எங்கள் தொழிலில் தார் கொட்டும்போது ஒவ்வொரு மூடிக்கும் மெஷினை நிறுத்தி நிறுத்தி ஓட்டிக்கொண்டிருக்க முடியாது. மூடிக்கு மேலேயே போட்டு ரோலரை ஓட்டிவிடுவோம். மறுநாள் வந்து அந்த இடத்தை மட்டும் வெட்டி, மூடியைத் தரைமட்டத்துக்கு உயர்த்தி வைப்போம். மறுநாள் அது கிடைக்க வேண்டுமே! அதற்காக, நகராத பொருள்கள் இரண்டிலிருந்து முன்கூட்டியே அளந்து, அவற்றின்மேல் ஸ்ப்ரே பெயின்ட்டால் குறி போட்டுவைப்பது வழக்கம். சுவர் மூலை, விளக்குக் கம்பம், இந்த மாதிரி. இந்த வேலையை நான் யாரிடமும் விட்டதில்லை. நான் முதலாளி என்பதற்கு என்னிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அந்தப் பெயின்ட் டப்பாதான்.

நான் குறி போட்டது இரண்டு பூந்தொட்டிகளில்.

இடுப்பு உயர சிமென்ட் தொட்டிகள். நாலு பேர் தள்ளினாலும் அசையாது. ஆனால் கடையின் மேனேஜர் அம்மாவிடம் சோபா தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் இருந்தது. புதுத் தரைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று, தார் போட்ட மறுநாள் காலையிலேயே இரண்டையும் வாசலுக்கு மாற்றிவிட்டார். நான் வந்து சேர்ந்தபோது என் ஆரஞ்சு அம்புக்குறிகள் வாசலின் இருபுறமும் நின்று கண்ணாடிக் கதவைக் காட்டிக்கொண்டிருந்தன. கீழே என் கையெழுத்தில் ‘4 அடி’.

"கடைக்குள்ள டாய்லெட்டெல்லாம் பொங்கி நிக்குது. அடைப்பு எடுக்குற லாரி வந்து நிக்குது. எங்க மூடின்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்ல?" என்றார் மேனேஜர் அம்மா.

"இங்கதான் இருக்கும்மா."

"இங்கன்னா?"

நான் கையை வீசிக் காட்டினேன். எழுபது கார் நிற்கும் இடம் முழுவதும் அந்த வீச்சுக்குள் அடங்கியது.

உண்மையைச் சொன்னால் அன்று என் மனம் மூடியிலும் இல்லை. ரோலர் ஓட்டுபவன் என் மனைவியின் தம்பி. நெடுஞ்சாலை போடும் பெரிய கம்பெனி ஒன்று அவனைக் கூப்பிட்டிருக்கிறது; சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். இதை என்னிடம் சொன்னவள் மனைவி. அவன் சொல்லவில்லை. அவன் போய்விட்டால் என் கம்பெனியில் மிச்சம் நானும் பெயின்ட் டப்பாவும்தான். அதைக்கூடச் சமாளிக்கலாம். என் மகளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் அவன். மதியச் சாப்பாட்டை எதிரே உட்கார்ந்து பங்கு போட்டுக்கொள்ள வேறு ஆள் எனக்குப் பழக்கமில்லை.

காலையில் வண்டியில் வரும்போதே கேட்டுப் பார்த்தேன். "என்ன மாப்ள, எங்கேயோ போறியாமே?"

"பாக்கலாம் மாமா."

தினக்கூலிக்கு வரும் ஆள்களெல்லாம் அவனுக்கு வைத்திருக்கும் பெயரே ‘பாக்கலாம்’. டீ குடிக்கிறாயா என்றாலும் அதுதான், கல்யாணம் எப்போது என்றாலும் அதுதான். ரோலர் ஓடும் சத்தத்தில்கூட அவன் உதடு அதைச் சொல்வது தெரியும்.

மெட்டல் டிடெக்டர் ஒன்றை இரவல் வாங்கி வந்தோம். அது முதலில் என் பூட்ஸில் இருந்த இரும்பைப் பார்த்துக் கத்தியது. கழற்றினேன். தார் சுட்டது. நான் கத்தினேன். பிறகு பழைய கான்கிரீட்டுக்குள் கிடந்த கம்பிகளையெல்லாம் அது விசாரிக்க ஆரம்பித்தது. நிறுத்திவிட்டோம்.

மிச்சம் ஒரே வழி. சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். அடியில் குழி இருந்தால் சத்தம் மாறும். அவன் தட்டினான். நான் சாக்கை விரித்துக் குப்புறப் படுத்துத் தரையில் காதை வைத்தேன்.

டக். டக்.

"அங்க எவ்வளவு தர்றாங்களாம்?" என்றேன் தரையிலிருந்து.

"சத்தத்தக் கேளுங்க மாமா."

டக்.

காரிலிருந்து இறங்கிய ஒரு பெண்மணி பதறி ஓடிவந்தார். "ஐயையோ, இவருக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலைங்க. கேட்டுட்டிருக்காரு."

"என்னத்த?"

"தரைய."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நடந்தார்.

அப்போது போன் அடித்தது. மனைவி. படுத்தபடியே எடுத்தேன்.

"கேட்டீங்களா?"

"கேட்டுட்டுதான் இருக்கேன். டக் டக்குன்னுதான் வருது."

"அவன்கிட்ட கேட்டீங்களான்னு கேக்குறேன்!"

"அவன் ‘பாக்கலாம்’ங்குறான். உங்க வீட்டுல யாருக்கும் நேரா பதில் சொல்லவே வராதா?"

"எங்க வீட்டுலயா? எங்க வீட்டுல யாரும் அப்படிப் பேச மாட்டோமே. அவன் அத எங்க கத்துக்கிட்டான்னு யோசிங்க" என்று வைத்துவிட்டாள்.

யோசிக்க நேரமில்லை. லாரிக்காரர் ஹாரன் அடித்தார். எழுந்தேன், இடம் மாறினேன், படுத்தேன். வேர்வை கண்ணில் இறங்கியது. இங்கே படுத்தால் அங்கே இருக்குமோ என்றிருந்தது, அங்கே படுத்தால் இங்கே விட்டுவிட்டோமோ என்றிருந்தது. நாள் முழுக்க என் நிலைமையே அதுதான்.

"உனக்கு என்னடா குறை வெச்சேன்?" என்றேன். "ஏன், நான் தொட்டில குறி போட்டப்ப நீயும் பக்கத்துலதான நின்ன? அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இப்படிப் பல்லி மாதிரி கெடப்பனா?"

தட்டுவது நின்றது.

"சொன்னேனே மாமா."

"எப்ப?"

"அப்பவேதான். ‘தொட்டி வேணாம், நகத்திடுவாங்க, கம்பத்துல போடுங்க’ன்னேன்."

"நான் என்ன சொன்னேன்?"

அவன் சுத்தியலின் கைப்பிடியைத் துடைத்தான். "‘பாக்கலாம்’னீங்க."

தார் சுட்டதோ வேறு எதுவோ, காது எரிந்தது. குறி போடுற வேலைய எனக்குக் குடுங்க மாமா என்று அவன் கேட்டபோது என்ன சொன்னேன்? ஒரு சைட்டை நான் தனியாகப் பார்த்துக்கொள்ளட்டுமா என்றபோது? மறுத்ததே இல்லை. மறுத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பான்.

அவன் மறுபடி தட்டினான்.

தொம்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். இன்னொரு முறை தட்டினான். தொம். அடியில் வெறும் இடம்.

வெட்டினோம். வெயிலில் சூடேறிய கரிய துண்டுகளைப் பெயர்த்துப் போட, மூடி வட்டமாக, ஒன்றும் நடக்காத மாதிரி வெளிப்பட்டது. அதைத் திறந்ததும் வந்த நாற்றத்துக்கு நான் அன்றுபோல் என்றும் சந்தோஷப்பட்டதில்லை. லாரிக்காரர் குழாயை இறக்கினார். மேனேஜர் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டே கட்டைவிரலை உயர்த்தினார்.

"இதே வரிசையில இன்னொரு மூடி இருக்கே, அதுக்கும் குறி தொட்டிலதானா?" என்றான் அவன்.

"அதுக்கும் அதே ரெண்டு தொட்டிதான்."

அவன் சிரித்துவிட்டான். அன்றைக்கு முதல் சிரிப்பு.

நான் பெயின்ட் டப்பாவை அவனிடம் நீட்டினேன். கொஞ்ச நேரம் வாங்காமல் நின்றான். பிறகு வாங்கி, குலுக்கி, கண்டுபிடித்த மூடியிலிருந்து வரிசை பிடித்து நடந்தான். தட்டினான், கேட்டான், எனக்குச் சாக்குகூட வேண்டியிருக்கவில்லை. இடம் கிடைத்ததும் டேப்பை இழுத்து அளந்து, சுவர் மூலையில் ஒன்று, விளக்குக் கம்பத்தில் ஒன்று, சின்னதாக இரண்டு அம்பு போட்டான். என் அம்புகளைவிட அழகாகவே இருந்தன. வாங்கித் திருத்தலாமா என்று கை துடித்தது. பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

"இனிமே டப்பா உன்கிட்டயே இருக்கட்டும். அடுத்த சைட்டும் நீயே பாரு" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவன் டப்பாவின் மூடியைப் போட்டு அழுத்தினான்.

"மாப்ள, சுத்தி வளைக்காம கேக்குறேன். இருக்கியா, போறியா? பாக்கலாம்னு மட்டும் சொல்லாத."

அவன் டப்பாவை என் கையில் திருப்பி வைத்தான். வைத்த கையை எடுக்கவில்லை.

"போறேன் மாமா."