சஜ்தா இல்லாத ஓதல்

என் அண்ணனுக்குத் தொழ நேரமில்லை. அதற்கு ஆள் வைத்திருந்தான். அந்த ஆள் என் வீட்டுக்காரர்.

கிண்டல் செய்வதாக நினைக்க வேண்டாம். அவன் வாயாலேயே அப்படித்தான் சொல்வான். கூடப் பிறந்த அண்ணனை 'அவன்' என்று எழுதுவது மரியாதையில்லைதான். நேரில் 'நீங்க', 'வாங்க' என்றுதான் பேசுகிறேன். எழுதும்போதாவது மனசுக்குப் பட்டபடி எழுதிவிட்டுப் போகிறேன்.

சோபா, கட்டில், மெத்தை விற்கிற பெரிய கடை அவனுடையது. என் வீட்டுக்காரர் குர்ஆன் முழுவதையும் மனப்பாடமாக வைத்திருக்கும் ஹாபிஸ். அவர் பேரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, எல்லாருக்கும் அவர் 'ஹாபிஸ்'தான். காலையில் கடை திறந்ததிலிருந்து மதியம் வரை அவர் மைக்கில் ஓத வேண்டும். கூரையில் பதித்த ஸ்பீக்கர்களில் அது கடை முழுவதும் கேட்கும். கடைக்கு பரக்கத், அதாவது இறைவனின் அருள்வளம், வர வேண்டுமாம். அவர் ஓதும் நாற்காலியும் விற்பனைக்கு உள்ளதுதான், அதனால் கைப்பிடியில் விலைச்சீட்டு தொங்கும். வாடிக்கையாளர் சோபாவில் சாய்ந்து யோசிக்கும்போது அண்ணன் கல்லாவிலிருந்து கையை உயர்த்துவான், சத்தம் கூட வேண்டும். பேரம் தொடங்கியதும் கையைத் தாழ்த்துவான், சத்தம் குறைய வேண்டும். இறைவனின் வார்த்தைக்கு வந்த நிலைமையைப் பாருங்கள்.

நான் அதே கடையின் பின்கட்டில் சோபா உறை தைக்கிறேன். ரெக்சின் வாடையும் பசை வாடையும் என் துணியில் ஊறிக் கிடக்கும். மாடியில் தொழுகைக்கென்று ஓர் அறை உண்டு. கடை திறந்த புதிதில் பச்சைக் கம்பளம் விரித்து, தொழும் திசையான கிப்லாவின் பக்கம் அம்புக்குறி ஒட்டி, வருகிறவர்களையெல்லாம் மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினான். இப்போது அந்த அம்புக்குறியை மறைத்துக்கொண்டு கூரை வரை மெத்தைகள். கம்பளத்தில் டீக்கறை, மூலையில் எலிப்புழுக்கை. கதவோரம் ஒரு ஆள் நிற்கிற இடத்தைச் சுத்தம் செய்து நாங்கள் ஒவ்வொருவராகத் தொழுவோம். நெற்றியை வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன். அண்ணன் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கேட்டால், ஹாபிஸ் ஓதுகிறாரே, அது கடைக்கே சேருமே என்பான்.

வியாபாரம் செய்வதை யாரும் தப்பு சொல்லவில்லை. மார்க்கம் கடையைப் பூட்டிவிட்டு மூலையில் உட்காரச் சொல்லவில்லை. கூப்பிட்டதும் வா, முடிந்ததும் உன் பிழைப்பைப் பார்க்கப் போ, அவ்வளவுதான். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டதும் மிஷினிலிருந்து காலை எடுக்கிறேன், தொழுதுவிட்டு வந்து விட்ட தையலைத் தொடர்கிறேன். எனக்கு முடிகிறது. ஏசிக் காற்றில் உட்கார்ந்திருப்பவனுக்கு முடியவில்லையாம்.

இனி என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், இந்தக் கதையே அவளுக்காகத்தான். ஒரே பிள்ளை. பிறவியிலேயே பார்வை கிடையாது. இதைச் சொன்னதும் ஆட்கள் 'ச்சு' கொட்டுவார்கள். யாரும் கொட்ட வேண்டாம், அவளுக்கு அது பிடிக்காது. காதுதான் அவளுக்கு எல்லாம். வாப்பா வாயிலிருந்து கேட்டே குர்ஆனை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். பிள்ளைகள் முதலில் படிக்கும் கடைசிப் பகுதியை இருவரும் முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்து முடித்தார்கள். அவர் ஓதுவார், இவள் அவர் தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே திருப்பி ஓதுவாள். முழுசும் முடித்து, மதரஸாவில் மார்க்கம் கற்பிக்கும் ஆசிரியையான ஆலிமாவின் முன்னால் ஒரே அமர்வில் ஓதிக் காட்டி, தானும் ஒரு ஹாபிஸா ஆக வேண்டும். அவள் இந்த உலகத்தில் ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒன்றுதான்.

கடைக்கு ஓதப் போன பிறகு இவருக்கு வீட்டில் குரலே எழும்பவில்லை. மாலையில் வந்தால் வெந்நீரைக் குடித்துவிட்டுச் சுருண்டுவிடுவார். மகள் பாடத்துக்குக் காத்திருந்து காத்திருந்து உட்கார்ந்தபடியே தூங்கிப்போவாள். கடையில் 'தள்ளுபடி' என்று நாங்கள் பேர் வைத்திருக்கும் விற்பனைக்காரன் ஒருவன் இருக்கிறான். எதைக் கேட்டாலும் தள்ளுபடி உண்டு என்பதே அவன் முதல் வார்த்தை. இவர் ஓதுவதை அவன் தினமும் பதிவு செய்வான், மதியத்துக்கு மேல் கடையில் அதைத்தான் போடுவார்கள், இவருக்கு மாலை வரை கடையிலேயே சில்லறை வேலை இருக்கும். அந்தப் பதிவுகளை இவர் வாங்கி ஃபோனில் ஏற்றி மகளிடம் கொடுத்தார். அதைக் கேட்டு ஓது, என் குரல்தானே என்றார். அவளும் ஃபோனைக் காதோடு ஒட்டிக்கொண்டு மடமடவென்று மனப்பாடம் செய்தாள். பிள்ளையின் பாடம் நிற்காமல் போகிறதே என்று நானும் சந்தோஷப்பட்டுத் தொலைத்தேன்.

அது தொடங்கிக் கொஞ்ச நாளில் கடையில் ஒரு கூத்து நடந்தது. குர்ஆனில் அங்கங்கே சில வசனங்கள் உண்டு. அவற்றை ஓதுகிறவரும் கேட்கிறவரும் அங்கேயே நெற்றியைத் தரையில் வைத்து எழ வேண்டும். சஜ்தா என்பார்கள். சில நொடி வேலை. இவர் அப்படி ஒரு வசனத்தை ஓதிவிட்டு, நாற்காலியை விட்டு இறங்கி சஜ்தாவில் விழுந்தார். கட்டில் தூக்க வந்த டிரைவர் விழுந்தார். கடையின் தச்சர் இருவரும் விழுந்தார்கள். பேசிக்கொண்டிருந்த தள்ளுபடியும் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுக் குனிந்துவிட்டான். சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஜோடிக்கு ஒன்றும் புரியவில்லை. பாவம், காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பிறகு, அப்புறம் வருகிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான்.

சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் பின்கட்டுக்கு வந்தான். நானும் இவரும் டிபனைத் திறந்திருந்தோம்.

“மச்சான், அந்த மாதிரி இடம் வந்தா தாண்டிப் போயிருங்க. கடையே குப்புற விழுந்து கிடந்தா வியாபாரத்தை யாரு பாக்குறது?”

அது மக்ரூஹ் என்றார் இவர், சோற்றைப் பார்த்துக்கொண்டே.

“ஹராம் இல்லையே?”

“ஹராம் இல்ல.”

“அப்ப என்ன, தாண்டிருங்க.”

ஹராம் என்றால் தடை செய்யப்பட்டது, மக்ரூஹ் என்றால் அல்லாஹ்வுக்குப் பிடிக்காதது. தண்டனை இல்லை, ஆனால் பிடிக்காது. பிடிக்காது என்று தெரிந்தே செய்வதா என்று நான் கேட்டேன். ஆம்பளைகள் பேச்சில் உனக்கென்ன, அந்த மூணு சீட்டு சோபா உறையை முடித்தாயா என்றான் அண்ணன். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் எழுந்து போய் ரொம்ப நேரம் கை கழுவினார். அன்றைக்கு எனக்கு இரண்டு பேர் மேலும் வந்த அருவருப்பை என்ன சொல்லி எழுதுவது. ஆனாலும் மிஷினில் போய் உட்கார்ந்து மூணு சீட்டு உறையைத் தைத்து முடித்தேன், அதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

அதற்குப் பிறகு கடையில் யாரும் குனியவில்லை. இவர் அந்த இடம் வந்தால் மூச்சுக்கூட வாங்காமல் அடுத்த வசனத்தில் ஏறிவிடுவார். கேட்டால் ஒட்டுப்போட்ட இடமே தெரியாது, அத்தனை திறமை. அந்த ஓதல்தான் தினமும் ஃபோனில் ஏறி என் வீட்டுக்கு வருகிறது என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை. இவருக்கு எட்டியதா என்று இன்று வரை நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்ற பயம்தான்.

மகள் மனப்பாடத்தை முழுசாக முடித்தாள். முழுக் குர்ஆனையும் ஓதிக் காட்டுவதற்கு முன் ஆலிமா ஒரு தடவை சோதித்துப் பார்ப்பார். நான் லீவு போட்டு மகளைக் கூட்டிப் போனேன். அவள் ஓதினாள். என் பிள்ளை என்பதற்காகச் சொல்லவில்லை, அந்த அறையே அடங்கிப்போனது. நடுப்பகுதியில் ஓரிடத்தில் ஆலிமா நிறுத்தி, கொஞ்சம் முன்னாலிருந்து ஓதச் சொன்னார். ஓதினாள். மறுபடியும் நிறுத்தினார்.

“ஒரு வசனம் விட்டுப்போகுதேம்மா.”

“இல்ல ஆலிமா. வாப்பா இப்படித்தான் ஓதுவாங்க.”

அவ்வளவு உறுதியாகச் சொன்னாள். அப்போதுதான் எனக்குக் கடைப் பதிவு உறைத்தது. ஆலிமா அந்த வசனத்தைத் தானே ஓதிவிட்டு சஜ்தாவுக்குப் போனார். பிள்ளைகள் எல்லாரும் போனார்கள், நானும் போனேன். சுற்றிலும் துணி சரசரக்கிறது, எல்லார் குரலும் தரைக்கு இறங்கிவிட்டது, நடுவில் என் மகள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தாள்.

பிறகு ஆலிமா நடுப்பகுதியில் மற்ற சஜ்தா இடங்களையும் ஓதச் சொன்னார். ஒன்றுகூட இல்லை. ஒரு தடுமாற்றமும் இல்லாமல் எல்லாவற்றையும் தாண்டிப் போனாள். நாக்கில் பதிந்துவிட்டதைத் திருத்துவது புதிதாகப் படிப்பதைவிடக் கஷ்டம், ஓதிக் காட்டுவதை இப்போதைக்குத் தள்ளி வைப்போம் என்றார் ஆலிமா. முதலில் விட்டுப்போன அந்த வசனம், இறைவனின் வார்த்தையைக் கேட்டதும் அழுதுகொண்டே சஜ்தாவில் விழுந்தவர்களைப் பற்றியது என்றும் சொன்னார். அதற்கு அடுத்தது அவர்களுக்குப் பின்னால் வந்து, தொழுகையைப் பாழாக்கிவிட்டு ஆசைகளின் பின்னால் போனவர்களைப் பற்றியது. அந்த வசனத்தை அண்ணன் தாண்டச் சொல்லவில்லை. அது யாரையும் குனிய வைத்து வியாபாரத்தைக் கெடுக்கவில்லையே.

மகளை மதரஸாவிலேயே உட்கார வைத்துவிட்டு நேரே கடைக்குப் போனேன். வாடிக்கையாளர் இருக்கிறார்களா என்றுகூடப் பார்க்கவில்லை. நடந்ததை அண்ணனிடம் சொன்னேன். தலைக்கு மேலே ஸ்பீக்கரில் இவருடைய பதிவு ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் குறை என்று தள்ளுபடிக்குக் கையைக் காட்டிவிட்டு அண்ணன் என் பக்கம் திரும்பினான்.

“இதுக்கா வேலை நாள்ல இப்படி ஓடி வந்தே? மருமகளுக்கு ஸ்டூடியோவுல வச்சுத் தனியா பதிவு பண்ணித் தர்றேன். முழுசா, ஒண்ணுவிடாம. கடைக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு. சரியாப் போச்சா?”

அவன் முகத்தில் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. தங்கச்சிக்கு உதவி செய்த திருப்திதான் இருந்தது. இவர் விலைச்சீட்டு தொங்கும் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மிஷினில் பாதி தைத்த உறை அப்படியே கிடந்தது. இனி நீங்களே தைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மாலையில் இவர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வீட்டுக்கு வந்தார். குடும்பம் நடக்க வேண்டாமா என்று என்னிடம் தொடங்கினார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியது. பிறகு மகளின் முன்னால் போய் பழைய மாதிரி முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்தார். வாப்பா இப்ப சரியா ஓதுறேன்மா, கேளு என்றார். அவள் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைக்கப் பார்த்தார். அவள் இழுத்துக்கொண்டாள்.

“வேற எங்கெல்லாம் விட்டீங்க வாப்பா?”

சஜ்தா இடங்கள் மட்டும்தான், வேறெங்கும் இல்லை, சத்தியமாக இல்லை என்றார். அவள் தலையை அசைத்தாள். நம்பினாள் என்று அதற்கு அர்த்தமில்லை. கேட்டேன் என்று மட்டும்தான்.

இவர் ஓதினார். கடையில் எழும்பாத ஒரு நடுக்கம் குரலில் இருந்தது. விட்டுப்போன வசனத்தை நிறுத்தி நிதானமாக ஓதி, முடித்ததும் சஜ்தாவில் விழுந்தார். மகளும் விழுவாள் என்று பார்த்தேன். அவள் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள்.

“உம்மா, நீங்க குர்ஆனை எடுத்துப் பாருங்க. வாப்பா ஓதினது அதுல இருக்கான்னு.”

நான் போய் கை, முகம், கால் கழுவி ஒளு செய்துவிட்டு வந்து குர்ஆனை எடுத்தேன். எனக்கு மனப்பாடம் கிடையாது, எழுத்துக்கூட்டித்தான் ஓதுவேன். பக்கத்தைத் தேடிப் பிடித்து, வரியின் மேல் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் திக்கித் திக்கி அவளுக்கு வாசித்துக் காட்டினேன். இவர் தரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. எழுந்து பிள்ளையின் முகத்துக்கு நேரே உட்கார அவருக்குத் தைரியம் இல்லை.

“இருக்கும்மா” என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவள் குனிந்தாள்.