தம்பியின் இதயத்துக்குப் போன மரபணு

அக்கா இருபத்திரண்டு வருஷம் பேருந்து ஓட்டியவள். எவ்வளவு நெரிசலிலும் அவள் வண்டிக்கு வழி கிடைத்துவிடும் என்று பணிமனையில் பேசிக்கொள்வார்கள். அப்படிப்பட்டவளுக்கு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கத் தொடங்கியதும், ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறக்கி அலுவலக நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். ஐம்பது வயதில் அப்பாவைக் கொண்டுபோன அதே இதயக் கோளாறு. அவளுக்கு நாலு வயது இளையவனான தம்பிக்கும் அதுவே வந்திருந்தது. படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தவன் அவன். ஊசி என்றாலே முகம் வெளுத்துவிடும்.

மரபணு சிகிச்சைச் சோதனைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அக்கா பெயர் கொடுத்தாள். தம்பியைக் கேட்காமல் அவன் பெயரையும் சேர்த்தே கொடுத்தாள்.

"நீ சும்மா துணைக்கு வா," என்று அழைத்துப்போனாள். அங்கே போன பிறகுதான் தன் பெயரும் இருப்பது அவனுக்குத் தெரிந்தது.

இதய டாக்டர் நிதானமாக விளக்கினார். "ஒவ்வொரு துடிப்புக்கும் தசை செல்லுக்குள்ள கால்சியம் பரவணும், அப்பத்தான் அது சுருங்கும். சுருங்கினதும் ஒரு புரதம் அந்தக் கால்சியத்தை வாரி ஒதுக்கி வைக்கணும், அப்பத்தான் தளரும். உங்க ரெண்டு பேருக்கும் அந்தப் புரதம் பத்தலை. அதைத் தயாரிக்கிற மரபணுவை, நோய் தராத வைரஸோட கூட்டுக்குள்ள வச்சு இதயத்துக்கு அனுப்புவோம்."

"அதாவது பழைய ஆளுங்க இறங்கறதுக்குள்ளயே வண்டி அடுத்த ட்ரிப்புக்குக் கிளம்பிடுது," என்றாள் அக்கா.

டாக்டர் சிரித்துவிட்டார். "இவ்வளவு சுருக்கமா எனக்கே சொல்ல வராது."

பத்து நாளில் இருவரின் ரத்தப் பரிசோதனை முடிவும் வந்தது. தம்பிக்குத் தடையில்லை. அக்காவின் ரத்தத்தில் அந்த வைரஸுக்கு எதிர்ப்பு ஏற்கெனவே இருந்தது. என்றோ தெரியாமல் வந்துபோன தொற்றாக இருக்கலாம். மருந்து உள்ளே போனாலும் உடம்பே அதை மடக்கி அழித்துவிடும், அதனால் அவளைச் சேர்க்க முடியாது என்றார் டாக்டர்.

வெளியே வந்து மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அக்காவுக்குத் தம்பிமேல் பொறாமை வந்தது.

"நான் மட்டும் போகமாட்டேன்க்கா. உன் தட்டுல இருந்து பிடுங்கித் தின்ன மாதிரி இருக்கு."

"நீ திங்காட்டி அது என் தட்டுக்கு வந்துடுமா?"

அவன் எழப் பார்த்தான்; அக்கா சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"எனக்கு வயிறு எரியுதுடா, இல்லேங்கல. அதுக்காக நீயும் மூச்சு வாங்கிக்கிட்டுக் கிடக்கணுமா? போய்க் கையெழுத்துப் போடு."

போட்டான்.

தொடை ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, மருந்தை இதயத்துக்கு அனுப்பினார்கள். கண்ணாடிக்கு வெளியே அக்கா நின்றிருந்தாள். அவன் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் தலையசைத்தாள். மூன்றாம் வாரம் மருந்தின் பக்கவிளைவாக ஈரல் கொஞ்சம் வீங்கியது; மாத்திரையில் அடங்கியது. இரண்டு மாதம்வரை பெரிதாக மாற்றமில்லை. பிறகு ஒருநாள் போன் செய்தான்.

"அக்கா, பெரிய கண்ணாடி ஒண்ணை நானே மாடிக்குத் தூக்கிட்டுப் போனேன். போன பிறகுதான் நடுவுல நிக்கவே இல்லைன்னு உறைச்சுது."

"கனம் தூக்கலாம்னு டாக்டர் சொன்னாரா?"

"இல்ல."

"அப்ப இதை அவர்கிட்ட நீயே சொல்லு. நான் உன்னை அப்புறம் திட்டிக்கறேன்."

ஆறாம் மாதம் நடைச் சோதனை. மருத்துவமனை வராந்தாவில் ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறான் என்று நர்ஸ் அளந்தாள். சிகிச்சைக்கு முன்பு இரண்டு இடத்தில் நின்று நின்று இருநூற்றுத் தொண்ணூறு மீட்டர் நடந்தவன். அக்காவும் கூடவே நடந்தாள்; இரண்டாம் சுற்றில் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவன் வேகத்தைக் குறைத்தான்.

"நிக்காதடா, நேரம் ஓடுது. போ."

போனான். நானூற்றுப் பத்து மீட்டர். ஸ்கேனிலும் தசை நன்றாகத் தளர்ந்து சுருங்குவது தெரிந்தது. எத்தனை வருஷம் இப்படி நிற்கும் என்று இப்போதே சொல்ல முடியாது என்ற டாக்டர், அக்கா பக்கம் திரும்பினார்.

"உங்களை மாதிரி எதிர்ப்பு உள்ளவங்களுக்கு வேற வைரஸோட கூடு ஒண்ணைச் சோதிக்கப் போறாங்க. ஒரு வருஷம் ஆகலாம்."

"ஆகட்டும். முதல் ஆளா என் பேரை எழுதிக்கங்க."

எழுதுகிறாரா என்று எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் எழுந்தாள். வெளியே வந்ததும் தம்பி அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தான்.

"டேய், மெதுவா போ. ஒரு வருஷத்துக்கு என் வேகத்துக்குத்தான் நீ வரணும்."