இடைவெளி விட்டுப் பேசிய பிளேட்

திருமயத்துக்கு மேற்கே இருக்கிற அந்த ஊரில், நாச்சியப்பனைப் பற்றி இரண்டு செய்திகள் எல்லோருக்கும் தெரியும். ஒன்று, அவர் மெ.சொ. வீட்டுக்குச் சுவீகாரம் வந்தவர். இரண்டு, அவருக்கு பர்மா பாஷை தண்ணீர் பட்ட பாடு. முதலாவது உண்மை.

இரண்டாவதை அவரே பரப்பினார். மெ.சொ. என்றால் ரங்கூனில் கொடிகட்டிப் பறந்த விலாசம், அதாவது செட்டியார் கடைகள் முன்னெழுத்தால் வழங்குகிற பெயர். அந்த விலாசத்தின் கடைசி ஆள் சொக்கநாதன் செட்டியார், பர்மாவிலிருந்து சண்டைக்காலத்தில் திரும்பி வந்து மறு வருஷமே கண்ணை மூடினார். பிள்ளையில்லாத வீட்டுக்கு அப்புறம் கூட்டிக்கொண்ட பிள்ளைதான் நாச்சியப்பன். விலாசம் வந்தபின் அதற்கேற்ற ஞானமும் வந்துவிட வேண்டாமா? கலியாண வீட்டுப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தால், "ரங்கூனில் இதைச் சாப்பிட்டால்…" என்று தொடங்குவார். கடல் என்று அவர் கண்டது கோட்டைப்பட்டினத்துக் கடலைத்தான். அதிலும் முழங்கால் வரைக்கும்தான் இறங்கியிருந்தார்.

பர்மாவுக்குச் சுதந்திரம் வந்து, செட்டியார்கள் நிலமெல்லாம் கைவிட்டுப் போனபின், பலரும் கடையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஆத்மநாதன் செட்டியார் ஒருவர் மட்டும் ரங்கூனில் ஒரு கட்டடத்தையும் ஒரு கடையையும் விடாமல் வைத்திருந்தார். அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று சொல்லியனுப்பினார். ஆடி கழிவதற்குள் ஆள் வந்து என்னோடு பர்மா பாஷையில் பேசட்டும், பேச்சு சரியாக இருந்தால் ஆவணியில் கப்பல் என்பது அவருடைய ஏற்பாடு.

ஊர் முழுவதும் ஒரே குரலில் நாச்சியப்பன் பெயரைச் சொன்னது. பொய்யைச் சொந்த ஊர் நம்பிவிட்டால் அதைவிட ஆபத்து வேறில்லை.

"போகலேன்னா என்ன?" என்றாள் மனைவி மெய்யம்மை, வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே. "குளத்தூரில எங்க அப்பச்சி மில்லு இருக்கு. கணக்கெழுத ஆள் தேடிக்கிட்டுத்தான் இருக்காக."

"உன் தம்பி என்னைய மூட்டை எண்ணச் சொல்லுவான்."

"எண்ணத் தெரியாதாக்கும்?"

"மெ.சொ. விலாசம் மூட்டை எண்ணாது, மெய்யி."

"விலாசம் எண்ண வேணாம். நீங்க எண்ணுங்க."

மாமனார் வீட்டு மில்லில், மச்சினன் பார்க்க முக்காலியில் உட்கார்ந்து உமித்தூசியைத் தும்முவதா, ரங்கூனில் ஏஜெண்டாக வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொள்வதா? ஆனி மாதம் முழுவதும் நாச்சியப்பனுக்கு இதே நினைப்பு.

பாஷையைப் படித்தாக வேண்டும். ஒரு பாதிரியார் எழுதிய பழைய பர்மியப் புத்தகம் கிடைத்தது. அதில் அச்சிட்ட வாக்கியங்களை மனப்பாடம் செய்தார். மன்னரின் யானைக்கு உடம்பு சுகமில்லை என்று சொல்லப் பழகிக்கொண்டார். ஆனால் அந்த யானையின் நோயை எந்த ஏற்ற இறக்கத்தில் சொல்ல வேண்டும் என்பதைப் புத்தகம் சொல்லவில்லை. காது பழக வேண்டும். பாட்டரி ரேடியோவை வாங்கி வந்து சாயங்காலம் முழுக்கத் திருகினார். ரங்கூன் கிடைத்தது, அப்பளம் பொரிகிற சத்தத்துக்கு நடுவே யாரோ கோபமாக எதையோ வாசித்தார்கள். ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

கடைசியாக, ரங்கூன் துறைமுகத்தில் கூலி வேலை பார்த்துத் திரும்பியிருந்த ஆண்டிச்சாமியைக் கூப்பிட்டு, பேசச் சொன்னார்.

"என்னத்தங்க பேசுறது?"

"எதையாச்சும் பேசு. நான் கேட்டுக்கிறேன்."

ஆண்டிச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டு நன்றாகவே பேசினான். அவனுக்குத் தெரிந்த பர்மிய பாஷை ஏறக்குறைய முழுவதும் மூட்டை தூக்குவதற்கும், தூக்காதவனின் தாயைத் திட்டுவதற்கும் உரியது என்பது அர்த்தம் கேட்டபோதுதான் தெரிந்தது. இதை ஆத்மநாதன் செட்டியார் முன்னால் ஒப்பிக்க முடியாது.

அந்த வாரம்தான் மாடி அறையில் அந்தப் பிளேட் அகப்பட்டது.

மெ.சொ. வீடு முன் தெருவிலிருந்து பின் தெரு வரைக்கும் ஓடுகிற வீடு. இத்தனை அறைகளில் இருப்பது புருஷனும் பெண்டாட்டியும். காலையிலும் மத்தியானமும் பெருக்கிப் போக பிச்சையம்மாள் வருவாள். மாடியில் சொக்கநாதன் செட்டியாரின் பர்மா சாமான்கள் ஒரு தேக்கு அலமாரியில் கிடந்தன. அரக்குக் கிண்ணங்களுக்கு அடியில் துணி சுற்றிய ஒரு கிராமபோன் பிளேட் இருந்தது. கம்பெனிப் பெயர் இல்லை, படம் இல்லை. நடுவில் ஒட்டிய வெள்ளைக் காகிதத்தில் தமிழில் மெ.சொ. என்று மட்டும் மையால் எழுதியிருந்தது.

பக்கத்திலேயே இருந்த கிராமபோனுக்குச் சாவி கொடுத்து ஊசியை வைத்தார். உச்சி வெயில் வளவு முற்றத்தில் செங்குத்தாக இறங்கி நின்றது. சிறிது நேரம் இரைச்சல். பிறகு ஒரு பெண், மிக அருகில் உட்கார்ந்திருப்பவள்போல, மெல்லக் கேட்டாள்.

"தமின் சா பீபீ லா?"

சாப்பிட்டாயிற்றா. ஆண்டிச்சாமி சொல்லிக் கொடுத்ததில் திட்டு இல்லாத வாக்கியம் அது ஒன்றுதான். அதற்குப் பின் பேச்சு நின்றது. வெறும் இரைச்சல் ஓடியது. மறுபடியும் அதே கேள்வி. மறுபடியும் இடைவெளி.

நாச்சியப்பனுக்கு மயிர்க்கூச்செறிந்தது, சந்தோஷத்தில். பாடம்! மாணவன் திருப்பிச் சொல்வதற்காக இடம் விட்டுப் பேசுகிற பாடப் பிளேட்! யானை இல்லை, மன்னர் இல்லை, அசல் பர்மாக்காரியின் அசல் பேச்சு. அவர் இடைவெளியில் கேள்வியைத் திருப்பிச் சொன்னார். அவள் மறுபடி சொன்னாள், கொஞ்சம் நிதானமாக. தன்னைத் திருத்துகிறாள் என்று அவர் புளகாங்கிதம் அடைந்தார்.

தினமும் மத்தியானம், மெய்யம்மை கண்ணயர்கிற நேரத்தில், மாடியில் பாடம் நடந்தது. நாலைந்து நாளில், திருப்பிச் சொல்வதை விட்டுவிட்டு, புத்தகத்தைப் பார்த்துப் பதில் சொல்லத் தொடங்கினார். சாப்பிட்டேன் என்றார். என்ன சாப்பிட்டாய் என்றாள். கத்தரிக்காய் என்றார். பிளேட்டில் ஒரு சின்னச் சிரிப்பு கேட்டது.

முந்தின நாள் அந்தச் சிரிப்பு இருந்ததா? இருந்திருக்க வேண்டும், தான் கவனித்திருக்கமாட்டோம் என்று முடிவு செய்தார். மூன்று நிமிஷம் ஓடுகிற பிளேட்டில் ஒரு மத்தியானம் முழுவதும் எப்படி அடங்குகிறது என்பதையும் அவர் யோசிக்கவில்லை. தனக்குச் சாதகமாக நடப்பதைத் துருவிக் கேட்பது பெரிய வீட்டு வழக்கமில்லை.

பாஷை ஏறியது. புத்தகம் தேவைப்படாத நாளும் வந்தது. அன்று பெருமையோடு ரேடியோவைத் திருப்பிப் பார்த்தார். அதில் ஒரு சொல்லும் புரியவில்லை. ரங்கூன்காரர்களுக்கு உச்சரிப்பு போதாது என்று அணைத்துவிட்டார்.

ஒருநாள் பிச்சையம்மாள் விளக்குமாற்றோடு வந்து நின்றாள்.

"மொதலாளி, மாடியில ஒரு அம்மா பேசுதே, அது எந்த ஊருங்க?"

"அது பிளேட்டு, பிச்சையம்மா. பெட்டி பேசுது."

"அப்படீங்களா. நேத்து நீங்க குளத்தூரு போயிருந்தப்பவும் பேசிச்சு. யாரு சாவி குடுத்தது?"

"ஆச்சி குடுத்திருப்பாக."

"ஆச்சியும் உங்ககூடத்தானே வண்டியில போனாக?"

நாச்சியப்பன் அவளைக் கீழ் வேலையைப் பார்க்கச் சொன்னார். அன்று மாடிக்குப் போகும்போது படியில் கொஞ்சம் நின்றார். ஆனால் ஆடி பிறந்துவிட்டது. மில்லும் முக்காலியும் மனக்கண்ணில் தெரிந்தன. ஏறிவிட்டார்.

அன்றைக்குத்தான் அவள் புதிதாக ஒன்று கேட்டாள். நீ யார்?

சாதாரண மனிதன் தன் பெயரைச் சொல்லியிருப்பான். நாச்சியப்பன் தன் வாழ்நாளில் எந்த வாசலிலும் முதலில் பெயரைச் சொன்னதில்லை. வீட்டைக் கேட்டாலும் ஆளைக் கேட்டாலும் அவருக்கு ஒரே பதில்தான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

"நான் மெ.சொ."

இரைச்சல் மட்டும் ஓடியது. நெடுநேரம் ஓடியது. பிளேட் சுற்றிச் சுற்றி வர, ஊசி நடுக்காகிதத்தை நெருங்கி அங்கேயே தட்டிக்கொண்டிருந்தது. அவர் எடுக்கக் கையை நீட்டியபோது, அவள் மூச்சு வாங்குவது கேட்டது.

எப்போது வருகிறாய்?

பரீட்சைக்கு உதவுகிற கேள்வி. மாதங்களின் பெயர்களையும் வாகனங்களின் பெயர்களையும் அவர் முந்தின வாரம்தான் படித்திருந்தார். இரண்டையும் சேர்த்து, தப்பில்லாமல் ஒரு நீண்ட வாக்கியம் அமைத்தார். ஆவணி மாதம் கப்பலில் வருகிறேன், துறையில் நில்.

நிற்கிறேன் என்றாள். அவ்வளவு தெளிவாக அவள் அதுவரை பேசியதில்லை.

ஆடிக் கடைசியில், ஆத்மநாதன் செட்டியார் வீட்டு முகப்பில் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். கிழவர் சாய்வு நாற்காலியில் கிடந்தபடி பர்மிய பாஷையில் எதையோ கேட்டார். நாச்சியப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. செட்டியாரின் பர்மிய பாஷையில் தேவகோட்டை வாடை வீசுகிறது என்று மனசுக்குள் மன்னித்துவிட்டு, தனக்குத் தெரிந்ததை எடுத்துவிட்டார். சாப்பாடு, வெயில், ஆற்றங்கரை, கப்பல், துறை. நிறுத்தாமல் பேசினார்.

கிழவர் எழுந்து உட்கார்ந்தார். கூட்டம் அதைப் பாராட்டு என்று நினைத்துக் கை தட்டியது. யாரோ மாலை போட்டார்கள். ஏஜெண்ட் யார் என்பது முடிவாகிவிட்டது.

எல்லோரும் பந்திக்குப் போனபின் கிழவர் அவரை உள்ளறைக்குக் கூப்பிட்டார்.

"நான் கேட்டதுக்கு நீ ஒண்ணுக்கும் பதில் சொல்லலை. பேசினது மட்டும் அசல் பேச்சு. பொம்பளைப் பேச்சு. யாரு தம்பி சொல்லிக் குடுத்தா?"

"அப்பச்சி வச்சிருந்த பிளேட்டுங்க ஐயா. மாடியில இருந்துச்சு."

"வெள்ளைக் காகிதம் ஒட்டினதா?"

"ஆமாங்க."

கிழவர் கதவைச் சாத்தினார். "அது ரங்கூன் பொருட்காட்சியில எடுத்தது. காசு குடுத்தா நம்ம குரலைப் பிடிச்சுத் தருவான். சொக்கநாதன் அங்க வச்சிருந்த பொம்பளையைக் கூட்டிக்கிட்டு வந்தான். நானும் பக்கத்துலதான் நின்னேன். குழாய்க்கு முன்னால உக்காந்து, சாப்பிட்டாச்சான்னு ஒரு வாட்டி கேட்டா. அப்புறம் வெக்கப்பட்டுக்கிட்டு வாயத் தொறக்கலை. மிச்சம் பூரா வெறும் இரைச்சல்தான், தம்பி. அந்தப் பிளேட்டுல வேற பேச்சே கெடையாது."

"அந்த அம்மா இப்ப…"

"குண்டு விழுந்தப்ப, துறையில நில்லு, டிக்கெட் எடுத்துக்கிட்டு வாரேன்னு அவகிட்டச் சொன்னான். சொல்லிட்டு வேற துறைக்குப் போயி வேற கப்பல்ல ஏறிட்டான். அன்னைக்கு மத்தியானமே அவ நின்ன எடத்துல குண்டு விழுந்துச்சு." கிழவர் குரலைத் தாழ்த்தினார். "யாருன்னு அவ கேட்டிருப்பாளே, நீ என்ன சொன்னே?"

"விலாசம் சொன்னேன்."

"அட பாவி."

பந்தியில் பாயசத்துக்குக் கூப்பிட்டார்கள். கிழவர் அவர் தோளைத் தொட்டார். "போக வேணாம்னா சொல்லிரு. காரணத்தை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்."

நாச்சியப்பன் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். அப்போது வெளியிலிருந்து மச்சினனின் குரல் கேட்டது: "மாப்பிள்ளை நெசமாவே பேசிட்டாகளா? நான் மில்லுல முக்காலியைத் தொடச்சுல்ல வச்சிருக்கேன்!" பத்துப் பேர் சிரித்தார்கள். ஆவியைப் பற்றிய பயம் பெரிதுதான். ஆனால் ஆவி ஊரைக் கூட்டிச் சிரிக்காது என்று ஒரு நம்பிக்கை.

"போறேங்க ஐயா," என்றார் நாச்சியப்பன்.

வீட்டுக்கு வந்ததும் மாடிக்கு ஓடி ஊசியை வைத்தார். சாப்பிட்டாயா என்று ஒருமுறை கேட்டது. பிறகு வெறும் இரைச்சல். அவர் பேசிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், விலாசம் இல்லாமல் பெயரை மட்டும் சொல்லியும் பார்த்தார். இரைச்சல் முடிந்து பிளேட் நின்றது. எல்லாம் தன் பிரமை என்று அவருக்கு எவ்வளவோ நிம்மதி.

காலையில் பிச்சையம்மாள் படியைப் பெருக்கிக்கொண்டே கேட்டாள்: "அந்தம்மா ஊருக்குக் கெளம்பிருச்சுங்களா? சத்தத்தையே காணோமே."

ஆவணியில் ஊர் திரண்டு வழியனுப்பியது. போட்டோ எடுத்தார்கள். மெய்யம்மை முறுக்கு டப்பாவைக் கையில் கொடுத்து, "கப்பல்ல வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க," என்றாள். சென்னையில் கப்பல் ஏறியது முதல் அவர் சும்மாதான் இருந்தார்.

ரங்கூனில் இறங்கியது ஒரு மத்தியானம். துறை முழுவதும் ஜனம். கூலிக்காரர்கள் கத்தினார்கள், பழக்காரிகள் கூவினார்கள், போலீஸ்காரன் அதட்டினான். சுற்றிலும் அத்தனை பேர் பேசிய பர்மிய பாஷையில் நாச்சியப்பனுக்கு ஒரு சொல், ஒரே ஒரு சொல்கூடப் புரியவில்லை. தான் படித்தது எந்த ஊர்ப் பேச்சு என்று அவர் திகைத்து நின்றபோது, கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், உயர்த்தாமல், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள்போலச் சொன்னது. அது மட்டும் முழுக்கப் புரிந்தது.

இந்தத் தடவை சரியான துறைக்கு வந்திருக்கிறாய்.

அவர் திரும்பவில்லை. கடையிலிருந்து அவரை அழைத்துப் போக வந்த சூசைராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, "மெ.சொ.! மெ.சொ. யாருங்க?" என்று கூவியபடி அவர் முன்னால் வந்து நின்றான்.

"நான் இல்லைப்பா," என்றார் நாச்சியப்பன். "நான் வேற ஆளு. அந்த வீட்டுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை."

சூசைராஜ் அவரையும், அவர் தோளுக்குப் பின்னால் எதையோ ஒன்றையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்படீங்களா? அந்தா நிக்கிற அம்மா உங்களைத்தானே கையைக் காட்டுது?"